ஐந்தாம் வார்த்தையின் பக்கம்

பீர்க்கன்கரணை ஏரிக்குத் தெற்கே இரண்டாவது தெருவில், மாடி வீட்டில் குடியிருக்கும் ஞானசௌந்தரிக்கு ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர்தான். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2019ஆம் வருடம் ஆகஸ்ட் 19ஆம் தேதி தொடங்கி, திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டையில் அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டபின், குடித்த தண்ணீர் வெளியே போக அந்த மெஷினை விட்டால் வழி கிடையாது. கூடக் குடித்தால் காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமல் வைத்திருப்பவர்கள் அந்த மையத்தில் மூன்றே பேர். அவர்களில் முதல் ஆள் ஞானசௌந்தரி. புதிதாக வருகிறவர்களுக்கு நர்ஸுகள் அவரைக் காட்டி இதைச் சொல்வார்கள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். காது மட்டும் இந்தப் பக்கமே இருக்கும்.

பிறந்தது 1962இல். அரசு அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநராக முப்பத்தோரு வருடம் வேலை. மூலப்பிரதியில் உள்ளது அச்சில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மெய்ப்புத் திருத்துநரின் வேலை, மூலத்தில் உள்ளது சரியா என்று கேட்பதல்ல. இந்த ஒழுங்கில் பழகியவர் என்பதால்தான், இரும்புலியூர் பக்கத்தில் உள்ள தங்கள் சபையில் புனித வெள்ளிக் கையேடு போடுவது என்று 2006இல் முடிவானபோது, தொகுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.

புனித வெள்ளியன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அந்தச் சபையில் மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். யாருக்கு எந்த வார்த்தை என்பதை, ஆறு வாரம் முன்னதாகவே வரும் சாம்பல் புதனன்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது வழக்கம். சீட்டு விழுந்தவர் தம்முடைய தியானத்தை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழு பக்கமும் சேர்ந்து கையேடு. ஆராதனைக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்காகத்தான் அது. ஆராதனைக்கு முந்தின நாள், பெரிய வியாழனன்று, அவரவர் வீட்டில் சேர்த்துவிட வேண்டும். 2024இல் அந்தப் பட்டியலில் நாற்பத்தாறு பேர். ஞானசௌந்தரியின் பெயரும் அதில் உண்டு, முப்பத்தோராவதாக.

பதினெட்டு வருடக் கையேடுகளில் வேத வசன எண் தவறிப் போனது ஒரே ஒரு முறை, 2011இல். அதுவும் அவர் காய்ச்சலில் கிடந்த வாரம். தொகுப்பவர் வசன எண்ணைத் தவிர எதையும் திருத்தக் கூடாது, எழுதியவரின் வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது என்று 2009 செப்டம்பர் 13ஆம் தேதி சபைக் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரேதான். அந்த வருடம் யாரோ ஒருவருடைய பக்கத்தை அப்போதைய செயலர் இஷ்டத்துக்கு மாற்றிவிட, எழுதியவர் அழுதுவிட்டார். இனி யாரும் அழக் கூடாது என்பதற்காக எழுந்த தீர்மானம் அது.

2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய அத்தாவுல்லாவின் அச்சகத்தில் ஞானசௌந்தரி உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு வார்த்தைகளும் முடிந்தன. ஐந்தாவது, ஆண்டவர் தாகமாக இருக்கிறது என்று சொன்னது. எழுதியவர் சபைச் செயலர் வில்பிரட். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. கெடு பதினேழாம் தேதி; அவர் பக்கத்தைக் கொடுத்ததோ இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம், அதுவும் நேராக அச்சகத்தில். அதனால் ஞானசௌந்தரி அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: "தேவகுமாரனுக்குத் தாகம் எடுக்கவில்லை. எழுதியிருந்தது நிறைவேற வேண்டும் என்பதற்காக, எடுத்ததுபோல் காட்டினார். சரீரத்தின் வேதனை எதுவும் அவரைத் தொடவே இல்லை."

அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். மறுபடி மூடினார்.

"இன்னாக்கா, எழுத்து எதுனா விட்டுப்போச்சா?" என்றார் அத்தாவுல்லா. அன்று அவருக்குப் பதினைந்தாம் நோன்பு. உதடு வெளுத்திருந்தது.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு பாய். சொன்னதுதான் தப்பு."

"யாரு, செயலர் சாரா? அவரே உக்காந்து டைப் அடிக்க வச்சாரே!"

ஞானசௌந்தரி அந்த மூன்று வரியையும் வாசித்துக் காட்டினார். அத்தாவுல்லா கையிரண்டையும் தூக்கிவிட்டார்.

"என்ன வுட்ருங்கக்கா. எங்க நம்பிக்கைல அவரு நபி. சிலுவைல ஏறவே இல்ல. இதுல நான் வாயத் தொறந்தா உங்க சபையும் அடிக்கும், எங்க ஜமாத்தும் அடிக்கும்."

"உங்களக் கருத்து கேக்கல பாய். டைம்தான் கேக்குறேன்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மெஷின்ல ஏத்திருவேன். அதுக்கு மேல தாங்காது. நோன்பு தொறக்கணும், தொழுகைக்குப் போவணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணுக்கா. காலைலேர்ந்து பச்சத் தண்ணி படாம இந்த மெஷின் சூட்டுல நிக்கிறேன். தாகத்த எடுத்த மாதிரி காட்றதுன்னா எப்டின்னுதான் எனக்குப் புரியல."

ஞானசௌந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விஷயம் சிரிப்பாக இல்லை.

பணியில் இருந்த காலத்திலேயே, 2014 முதல் 2016 வரை, அவர் அஞ்சல் வழியில் இறையியல் பட்டயம் படித்தவர். சபை வரலாற்றுத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. வில்பிரட் எழுதியது புதிதல்ல என்பது அவருக்குத் தெரியும். முதலாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். இயேசுவுக்கு இருந்தது நிஜமான உடலல்ல, உடல்போல ஒரு தோற்றம். பசித்ததும் அழுததும் செத்ததும் பார்த்தவர்கள் கண்ணுக்கு மட்டும் என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடவுள் என்றால் வியர்க்கலாமா, வலிக்கலாமா என்ற மரியாதையில் சொன்னார்கள். அவர்களுக்கு எதிராக எழுதியவர்களில் ஒருவர் அந்தியோகியாவின் ஆயர். சிங்கங்களுக்குப் போடுவதற்காக அவரை விலங்கிட்டு ரோமுக்கு இழுத்துப் போனார்கள். போகிற வழியில் அவர் கேட்டது, ஆண்டவருடைய பாடு வெறும் தோற்றம் என்றால் என் விலங்கு மட்டும் ஏன் நிஜம் என்பதுதான். அந்த இடத்தைப் படித்த அன்று ஞானசௌந்தரி நல்ல சுகத்தோடு இருந்தார். பரீட்சைக்கு வரும் என்று கோடு போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அது பரீட்சைக்கான கேள்வி இல்லை என்பது 2019க்குப் பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் டயாலிசிஸ் கிடையாது. ஞாயிறு மூன்று மணிக்கு, அந்த நாளின் கணக்கில் எண்பது மில்லிதான் மிச்சம் இருக்கும்போது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெபம் பண்ணக்கூட வாய் வராது. அந்த நேரத்துக்கென்று அவரிடம் ஒரே ஒரு ஜெபம் இருந்தது: "உமக்குத் தெரியும்." இரண்டே வார்த்தை. ஐந்து வருடமாக அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாண்டினார்.

வில்பிரட்டின் பக்கம் சரியென்றால் அந்த ஜெபம் பொய். ஆண்டவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. இதை அச்சடித்து, தம் கையாலேயே நாற்பத்தாறு படுக்கைகளுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இருக்கவும் வழியில்லை, தீர்மானம் அவருடையது.

வீட்டுக்கு வந்ததும் வில்பிரட்டுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, உங்க பக்கத்த வாபஸ் வாங்கிக்கணும்."

"என்னது? வசன எண் தப்பா?"

"எண் சரி. மூணாவது பத்தி தப்பு. ஆண்டவருக்குத் தாகம் எடுக்கலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அவர் யாரு? கடலை அதட்டினவர். அவருக்குத் தண்ணித் தாகமா? நான் அவரப் பெருமப்படுத்தித்தானே எழுதியிருக்கேன்."

"அப்படிப் பெருமப்படுத்தினவங்களத்தான் சபை வேண்டாம்னு சொல்லிச்சு. அவர் முழுக்க மனுஷர், முழுக்கக் கடவுள்னு கல்கெதோன் மாநாட்டுல 451லயே முடிவு பண்ணி..."

"ஆரம்பிச்சிட்டீங்களா! தொண்ணூத்தொரு மார்க்க எறக்கிட்டீங்களா! ஆயிரத்தஞ்ஞூறு வருஷத்துக்கு முன்னால செத்துப்போன சண்டைய எதுக்கும்மா தாம்பரத்துக்கு இழுத்துட்டு வர்றீங்க?"

"ஆயிரத்து ஐந்நூத்து எழுபத்து மூணு."

"பாத்தீங்களா? இதுதான் உங்க வியாதி. சரி, நானும் ஒரு தேதி சொல்லட்டா? 2009 செப்டம்பர் 13, தீர்மானம் நாலு. கொண்டுவந்தவர் திருமதி ஞானசௌந்தரி. மினிட்ஸ் புக் என் கையிலதான் இருக்கு. தொகுப்பவர் வாக்கியத்துல கை வைக்கக் கூடாது."

"நான் கை வைக்கல அண்ணா. உங்களக் கேக்குறேன்."

"முடியாது" என்று வில்பிரட் வைத்துவிட்டார்.

சபையின் ஆயரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆயர் கிராம ஊழியத்துக்குப் போயிருந்தார். போனில் கிடைத்தபோது, "ரெண்டு பேரும் பெரியவங்க, பேசித் தீத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். பேச இருந்தது ஒரே ஒரு பகல்.

புதன் காலை ஞானசௌந்தரி வழக்கம்போல் ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போயின. பக்கத்துக் கட்டிலில் காமு. அனகாபுத்தூரில் பூ விற்கிறவள், நாற்பத்தாறு வயது. யார் படுக்கையில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"இன்னாக்கா, காலங்காத்தால மூஞ்சி தொங்கிகினு கீது? எட எவ்ளோ ஏறிச்சு?"

"ஒண்ணு எட்டு."

"எனுக்கு மூணு ரெண்டு. நான் சிரிச்சிகினு கீறேன், நீ அழுவுற."

ஞானசௌந்தரி நடந்ததைச் சொன்னார். காமு கேட்டுவிட்டு, "சாமிக்கு தாகமே எடுக்காதுன்னா, ஆடி மாசம் அம்மனுக்கு இன்னாத்துக்கு நாங்க கூழ் ஊத்துறோம்?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "சரி, அவரு நம்மள மாதிரி ஒரு மன்சனாவே இருந்துட்டுப் போட்டுமே. சண்டையே இல்லியே" என்றாள்.

"அப்படியும் ஒருத்தர் சொன்னாரு காமு. ஆரியுஸ்னு ஒரு மூப்பர். முழுக்கக் கடவுள் இல்ல, கடவுள் படைச்ச பெரிய ஆளுன்னு. நிசேயாவுல ஊர்ப்பட்ட ஆயருங்க கூடி, இல்லன்னாங்க. தாகம் எடுத்த ஒரு நல்ல மனுஷன் மட்டும்னா எனக்கு என்ன ஆகும் சொல்லு. நீ இருக்க. என் தாகம் உனக்கு அப்படியே தெரியும். எனக்கு ஒரு சொட்டு குடுக்க முடியுமா உன்னால?"

"எங்கூட்டுலயே சொட்டு கெடையாது" என்றாள் காமு.

"அதான். தெரிஞ்சா மட்டும் போதாது, முடியணும். முடிஞ்சா மட்டும் போதாது, தெரியணும். ரெண்டும் ஒருத்தர்கிட்டயே இருக்கணும். அதுக்காகத்தான் முந்நூறு நானூறு வருஷம் ஒரு வரிக்கு ஒரு வரி சண்ட போட்டு, அந்த ரெண்டையும் விட்டுக்கொடுக்காம நமக்குக் குடுத்துட்டுப் போனாங்க."

இதைச் சொன்னபோது ஞானசௌந்தரியின் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. தம் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிறவரின் மிடுக்கு.

டயாலிசிஸ் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது வில்பிரட் உள்ளே வந்தார். அக்குளில் மினிட்ஸ் புக். செருப்பைக் கழற்றச் சொன்னதில் ஏற்கெனவே கோபம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து போன வச்சது தப்புதான். அத மட்டும் சொல்லத்தான் வந்தேன். பக்கத்த மாத்த மாட்டேன்."

"சாரு, தண்ணி கிண்ணி வோணுமா?" என்றாள் காமு. "எங்களுக்குத்தான் கெடையாது, வர்றவங்களுக்கு உண்டு."

வில்பிரட் அவளைப் பார்த்தார். ஞானசௌந்தரியின் கையைப் பார்த்தார். மெஷினில் ஓடும் இரத்தத்தைப் பார்த்தார். ஐந்து வருடத்தில் அவர் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை.

"அண்ணா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார் ஞானசௌந்தரி. "முப்பது வருஷமா நீங்க பிரசங்கம் கேக்குறீங்க. இந்த மாதிரி எழுதுற ஆள் இல்ல நீங்க. எங்கேர்ந்து வந்துச்சு?"

வில்பிரட் மினிட்ஸ் புக்கைத் திறந்தார். எதையும் வாசிக்காமல் மூடினார்.

"கிறிஸ்டினா" என்றார்.

அவருடைய மனைவி. 2021 நவம்பரில் குடலில் ஆபரேஷன் ஆகி, நான்காம் நாள் இறந்துபோனவர். அது ஞானசௌந்தரிக்குத் தெரியும். அடக்க ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுத்ததே அவர்தான். அந்த நாலு நாளில் நடந்தது மட்டும் தெரியாது.

"வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. மூணு நாள் அவ கேட்டது தண்ணி. வேற பேச்சே இல்ல. தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க. நான் குடுக்கல. பஞ்ச நனைச்சு ஒதட்டுல வப்பேன், அதப் பல்லால இறுக்கிப் புடிச்சுக்குவா. விட மாட்டா." அவர் நிறுத்தினார். "அந்த வருஷத்துலேர்ந்து அஞ்சாம் வார்த்தை வரும்போது நான் எழுந்து வெளிய போயிருவேன். வெரண்டாவுல நிப்பேன். இந்தத் தடவ சீட்டே என் பேருக்கு வந்துருச்சு. அவருக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு என் கையால எழுத முடியல சௌந்தரி. அவருக்கு ஒண்ணும் ஆகல, அவர் சும்மா காட்டினார்னு எழுதினேன். ஒருத்தராவது அதுலேர்ந்து தப்பிச்சிருக்கட்டும்னு."

காமு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அதுவே அங்கே பெரிய விஷயம்.

காலையிலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த ஆண்டுகளும் பெயர்களும் ஒன்றும் உதவாது என்று ஞானசௌந்தரிக்குப் பட்டது. அவற்றை விட்டுவிட்டுக் கேட்டார்.

"நீங்க மருந்து வாங்க வெளிய போவீங்கள்ல அண்ணா?"

"போவேன்."

"அப்ப அக்கா யார்கிட்ட கேட்டிருப்பாங்க?"

வில்பிரட் மினிட்ஸ் புக்கைக் கீழே வைத்தார்.

"நான் யார்கிட்ட கேக்குறேன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு உமக்குத் தெரியும்னு சொல்லுவேன். அவ்வளவுதான் என் ஜெபம். உங்க பக்கம் என் வீட்டுக்கும் வரும் அண்ணா, முப்பத்தோராவது பேரு நான். அவருக்குத் தெரியவே தெரியாதுன்னு நீங்க எழுதி அனுப்பினா, அப்புறம் நான் யார்கிட்ட சொல்றது? நீங்க வெளிய போன அந்தக் கால் மணி நேரம் அக்காகூட யாரு இருந்தா?"

மெஷின் முடிந்ததற்கான மணி அடித்தது. நர்ஸ் வந்து ஊசிகளை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். ஞானசௌந்தரிக்கு இன்னொரு கையில் தலை சுற்றலுக்கான மாத்திரை. பஞ்சை வில்பிரட்டே பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம். அழுத்தம் குறையவில்லை.

பிறகு எழுந்து, "அத்தாவுல்லா எத்தன மணி வரைக்கும் இருப்பாரு?" என்றார்.

"அஞ்சு."

அவர் வெளி வராந்தாவிலேயே, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். நாலு நாற்பதுக்கு முடிச்சூர் சாலையில் இருந்தார். "அக்கா, செயலர் சார் புதுப் பக்கம் குடுத்தாரு. பழசக் கிழிச்சுப் போட்டாரு. நீங்க பாக்கணுமா?" என்று அத்தாவுல்லா போனில் கேட்டார். வாசிக்கச் சொல்லி, இரண்டு வசன எண்களைச் சரிபார்த்துவிட்டு, "ஏத்துங்க" என்றார் ஞானசௌந்தரி. அப்போதுதான் முழுப் பக்கத்தையும் முதல் தடவையாகக் கேட்டிருந்தார். போனை வைத்துவிட்டு மேஜையில் கையூன்றி நின்றார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் ஆறு மணி முதல் பத்து மணி வரை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோயிலில் இருந்தார். வெயில் தாங்காமல் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்று ஐம்பதுக்கு வில்பிரட் எழுந்தார். வழக்கமாக வெளியே போகிற திசையில் ஒரு தடவை பார்த்தார். பிறகு பிரசங்க மேடைக்கு ஏறினார்.

மனைவியின் பெயரைச் சொன்னார். ஆஸ்பத்திரி நாட்களைச் சொன்னார். "சிலுவையின் கீழே நின்ற ஒருவன் கையில் காடியில் நனைத்த கடற்பஞ்சு இருந்தது. என் கையில் பஞ்சு இருந்தது. நான் நின்ற இடம் எது என்று எனக்கு இரண்டு வருடத்துக்கு மேலாகத் தெரியவில்லை. தேவகுமாரன் நிஜமாகவே தாகமாக இருந்தார். நாக்கு ஒட்டிக்கொள்ளும் தாகம். வானத்தையும் சமுத்திரத்தையும் உண்டாக்கினவர் ஒரு மடக்குத் தண்ணீருக்கு அடுத்தவர் கையைப் பார்த்தார். ஆகையால் என் மனைவி தண்ணீர் கேட்டபோது, அந்த அறையில் அவளோடு இருந்தவர் அந்தத் தாகத்தை அறிந்தவர். இதை நான் எழுத விரும்பவில்லை. இப்போது இதைத் தவிர எழுத எனக்கு வேறொன்றும் இல்லை."

பின்வரிசையில் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. ஞானசௌந்தரி அழவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது கையேடுகளில் நூற்று முப்பத்து மூன்று பக்கங்கள். அவற்றில் ஒன்றையும் அவர் எழுதியதில்லை; இன்றைக்கு அதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. நிசேயாவிலும் கல்கெதோனிலும் உட்கார்ந்திருந்தவர்கள் இரும்புலியூரில் இந்த வெயிலில் வந்து உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால், தாங்கள் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான் என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு, ஐந்தே கால் மணிக்குப் போன் அடித்தது. காட்டாங்குளத்தூரிலிருந்து சபைப் பெண் ஒருத்தி. அவளுடைய அப்பா ஆபேல், கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து ஏழு மாதமாகப் பேச்சில்லை. வயிற்றுக் குழாய் வழியாகத்தான் ஆகாரமும் தண்ணீரும். பட்டியலில் பன்னிரண்டாம் பெயர்.

"ஆன்ட்டி, அப்பா அந்த அஞ்சாவது பக்கத்தையே தட்டித் தட்டிக் காட்டுறாரு. மூணு தடவ வாசிச்சிட்டேன். நாலாவது தடவையும் வாசிக்கச் சொல்றாரு. எழுதினவர் யாருன்னு கேக்குறாரு, சிலேட்ல எழுதிக் காட்டினாரு. அவர வரச் சொல்லணுமாம். நம்பர் இருக்கா?"

"இருக்கு. எழுதிக்கோம்மா" என்றார் ஞானசௌந்தரி. வில்பிரட்டின் பத்து எண்களையும் நிதானமாக இரண்டு தடவை சொன்னார். பிறகு, "எங்க, நீ திருப்பிச் சொல்லு" என்றார்.